கோடம்மா கடையில் அமாவாசை

கொடாமா என்று ஜப்பான்காரர்கள் வைத்த பெயரை எங்கள் ஊர் ஒரே வாரத்தில் கோடம்மா ஆக்கிவிட்டது. ஒசாகாவில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி நாடு நாடாகக் கிளை விட்ட வீடியோ கேம் கம்பெனி அது. ஒரகடத்துக் கார் ஆலைகளை நம்பிக் காஞ்சிபுரம் வந்தது. ஆனால் கூட்டம் சேர்த்தது தறிக்காரர்கள்தான். அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்கார மாட்டோம்; அன்றைக்கெல்லாம் கோடம்மாவில் திருவிழா. இந்த ஊரில் நிலாவைப் பார்த்து வியாபாரம் ஏறுகிறதே என்று ஜப்பான் மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். அங்கே வேலை பார்த்த நான்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன்.

என் வீட்டுக்காரர் காசிநாதனும் தறிக்காரர். அமாவாசை தவறாமல் மேள மெஷின் முன் நிற்பார். இரண்டு பேர் சேர்ந்து அடிக்கிற மெஷின். இடது மேளம் அவருக்கு, வலதுக்கு என்னைக் கூப்பிடுவார். யூனிபார்மில் இருக்கிறேன், மானத்தை வாங்காதீர்கள் என்று விரட்டுவேன். மனுஷனுக்குத் தாளமும் வராது, வெட்கமும் வராது.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த அமாவாசை காலை, கடை திறக்குமுன் மெஷின்களுக்குக் கரண்ட் கொடுத்தேன். மேள மெஷினில் இடது பக்க விளக்கு மட்டும் எரிந்தது. யாரும் தொடவில்லை. இன்னொருவர் வரலாம் என்று திரை கூப்பிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அமாவாசைக்கு அமாவாசை இதே கதை.

வீட்டில் வேறு கதை. அன்று அவருக்குப் படைத்து மொட்டைமாடியில் வைக்கும் சோற்றைக் காக்கை தொடுவதே இல்லை. பக்கத்து வீட்டுச் சோற்றைக் கொத்தும். எங்களுடையதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிள்ளை பட்டினியாக அலைகிறான் என்று மாமியார் அழுவார். உங்கள் பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கேம் ஆடுகிறார் என்று எந்த வாயால் சொல்வேன்? பயமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

இதற்குள் ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்து, கோடம்மா கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒசாகா கடையே போயிற்று. கடைசியில் எங்கள் முறை. மெஷின்களை உடைசலுக்கு ஏற்ற லாரி வந்த நாளும் அமாவாசை.

இடது பக்கம் எரிந்துகொண்டிருந்தது. மெஷினோடு இவரும் காயலான் கடைக்குப் போய்விட்டால்? லாரிக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் குச்சியை எடுத்து வலது மேளத்தைத் தட்டினேன். பாட்டு தொடங்கியது. இடது பக்கம் அடிக்கு அடி பிசகி விழுந்தது. அவரேதான். அழுதுகொண்டே அடித்தேன்.

பாட்டு முடிந்ததும் சொன்னேன்.

"ஏங்க, கடைய மூடறாங்க. இனிமே இங்க வராதீங்க. வூட்டுக்குப் போங்க. உங்கம்மா எலை போட்டுக்கினு குந்திக்கினு இருக்குது."

மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது. எனக்கு ஆசைதான், பாழாய்ப்போன ஆசை. குச்சியைக் கீழே வைத்தேன். இடது பக்கம் அணைந்தது.

மதியம் நாத்தனார் காவேரி போன் செய்தாள்.

"அண்ணி, காக்கா எடுத்துடுச்சு. ஒரு பருக்கை வெக்கல. அம்மா சிரிச்சிக்கினு இருக்குது."

நல்லது என்றேன். போனை வைத்தேன். இத்தனை மாதம் அவர் என்னை மட்டும் தேடி வந்தார். இனி எல்லோருக்கும் பொதுவாக வருவார். ஊருக்கு அவர் போன வருஷம் செத்தவர். எனக்கு அன்றைக்குத்தான் செத்தார்.