கப்பல் கடிகாரம்

ரீனாவின் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று தூத்துக்குடி நேரம். மற்றது, கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் கிளைட்டன் நிற்கும் துறைமுகத்தின் நேரம். அவன் தகவல் சொல்லச் சொல்ல, அம்மா மெட்டில்டா முள்ளைத் திருப்பி வைப்பாள். இப்போது அது ஹூஸ்டன் நேரம் காட்டியது.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மாதா கோயிலில் ரீனாவுக்குக் கல்யாணம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக அண்ணன்தான் வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை.

"வியாழக்கிழமை சாயந்திரம் அஞ்சரைக்குப் பிளேன். தோஹா வழியா பதினாறாயிரம் கிலோமீட்டர். இருபத்துநாலு மணி நேரத்துல சென்னை" என்று கிளைட்டன் சொல்லியிருந்தான். ரீனா கூட்டிப் பார்த்தாள்: வெள்ளி மாலை ஐந்தரை. ராத்திரி ரயிலைப் பிடித்தால் விடியும்போது வீடு.

வெள்ளி ஆறரை ஆகியும் போன் வரவில்லை. மருதாணி காயாத கையோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுக் கப்பல்காரர் கிங்ஸ்டன், விஷயத்தைக் கேட்டதும் சுவரைக் காட்டினார்.

"ஏளா, அவன் சொன்னது அந்தூரு அஞ்சரை. அங்க இப்பதான் வெள்ளி காலை எட்டு. அதுல சாயந்திரம் அஞ்சரை ஆகும்போதுதான் சென்னையில எறங்குவான். நமக்கு அது நாளைக்கு விடியக்காலம் நாலு மணி!"

அதற்குப் பிறகு ரயிலைப் பிடித்தால் ஒன்பதுக்குள் வந்து சேர முடியாது. கிங்ஸ்டன் போனைத் தடவித் தடவிப் பார்த்தார். சென்னையிலிருந்து ஒன்பது மணி விமானத்தில்தான் இடம் கிடைத்தது. தூத்துக்குடிக்கான வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கும்போது பத்தரை. கோயிலுக்கு இன்னும் அரை மணி நேரம்.

"பதினோரு மணிக்கு விஜிலா கல்யாணம் இருக்கு. அவ சம்மதிச்சா மாத்திக்கலாம்" என்றார் பங்குச்சாமியார்.

விஜிலா அடுத்த தெருக்காரி. அதிகம் பேசிப் பழக்கமில்லை. ரீனா திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள்.

"ரெண்டு மணி நேரம் முந்தி எந்திக்கணும், அவ்வளவுதான? ஆனா மேக்கப்புக்கு அற்புதமணி அக்கா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரணும், சொல்லிட்டேன்."

"சாயர்புரத்துல மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லணும், ஊருக்கெல்லாம் சொல்லணும். ஒனக்கு வாய் சொல்லிரும்" என்று முணுமுணுத்த அவள் அப்பா ஜெஸ்டின், அதற்குள் முதல் ஆளுக்குப் போன் போட்டிருந்தார். மெட்டில்டாவும் ரீனாவின் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல ஓடினாள்.

மறுநாள் பத்தே முக்காலுக்குக் கிளைட்டன் கூப்பிட்டான். "எறங்கிட்டேம்மா. பெட்டி வரல. கோட்டு அதுலதான் இருக்கு."

பதினொன்று அடித்தது. ரீனா கோயில் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். கல்யாணம் முடிந்தும் விஜிலா பந்திக்குப் போகவில்லை. மாலையும் கழுத்துமாய் ரோட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, வந்தாச்சு!" என்று முதலில் கத்தியதும் அவள்தான்.

கசங்கிய டீ-ஷர்ட்டோடு கிளைட்டன் காரிலிருந்து இறங்கினான். விஜிலா தன் புதுக் கணவன் டெரன்ஸை முழங்கையால் இடித்தாள். அவன் கோட்டைக் கழற்றி நீட்டினான்.

"போட்டுக்கிடுங்க. பந்தியில கறி சிந்திரும்னு நானே பயந்துட்டு இருந்தேன்."

கோட்டில் சூடு இன்னும் ஆறவில்லை. கைகள் நீளம்; கிளைட்டனின் விரல்களே வெளியே தெரியவில்லை. ரீனா அந்தக் கைக்குள் தேடி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பாட்டு தொடங்கியது.