மாலை போடாத சாமி

பிரிட்டோ மாலை போடவில்லை. போடவும் முடியாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். அம்மா அமலோற்பவம் மாதா கோயிலில் மரியாயின் சேனை என்கிற ஜெபக் குழுவுக்குச் செயலாளர். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் கார்த்திகை ஒன்றாம் தேதி விடிவதற்குள் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வடக்கனந்தலில் இறங்கி, பிள்ளையார் கோயில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றான். அவனுடைய கூட்டாளி சுபாஷ் அன்றைக்கு சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான்.

இருவரும் கல்லூரியில் மூன்றாம் வருஷம், கணிதம். முதல் நாள் இடம் கிடைக்காமல் கடைசி பெஞ்சில் ஒண்டியவர்கள், அதற்கப்புறம் ஒண்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சுபாஷ் கரும்பும் மரவள்ளியும் போடுகிற வீட்டுப் பையன், பேச்சு கம்மி. அவனுக்கும் சேர்த்துப் பேசுகிற வேலையை பிரிட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

கழுத்தில் மாலை விழுந்த நிமிஷத்திலிருந்து சுபாஷ் எல்லோருக்கும் சாமி. பெற்ற தாய் கொளஞ்சியம்மாளே மகனை "சாமி, காப்பி குடிக்கிறீங்களா" என்று கேட்டார். மூன்று வருஷமாக வாடா போடா என்று கூப்பிட்ட பிரிட்டோவுக்கும் வேறு வழி இல்லாமல் போயிற்று.

"சாமி, நானும் இன்னியிலேர்ந்து வுட்டுட்டேன்."

"இன்னாத்த?"

"தம்மு. கறியும்தான். நாப்பத்தெட்டு நாளும், உனக்குத் துணைக்கு."

"நீ ஏன் வுடணும்?"

"என் இஷ்டம்" என்றான் பிரிட்டோ. சுபாஷ் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விபூதியை நீட்டினான். பிரிட்டோ பூசுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

'என் இஷ்டம்' என்பது உண்மையில் சுபாஷின் வார்த்தை. ஐப்பசி மழையில் ஒருநாள், மூன்றாம் மாடி வகுப்புக்குப் படியேறும்போது அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. உதடெல்லாம் வெளுத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிரிட்டோதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறே?" என்றார்.

"ரெண்டு."

"இந்த நெஞ்சை வெச்சிக்கிட்டா? யாரு பழக்கிவிட்டது?"

சுபாஷ் மாஸ்க்கை விலக்கி, "யாரும் இல்லீங்க மேடம்" என்றான். பக்கத்தில் மாத்திரைச் சீட்டோடு நின்றிருந்தான் பிரிட்டோ. பழக்கிவிட்டது அவன்தான்.

முதல் செமஸ்டர் கால்குலஸ் பரீட்சை அன்று நடந்தது அது. பேப்பர் போய்விட்டது, அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று சுபாஷ் கல்லூரிச் சுவரோரம் உட்கார்ந்து அழுதான். அழுகிற ஆளை எப்படித் தேற்றுவது என்று பதினெட்டு வயதுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? பிரிட்டோ சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டி, "இத இழு, எல்லாம் சரியாப் பூடும்" என்றான். முழுக்க முழுக்கப் பாசத்தில் செய்த காரியம். ரிசல்ட் வந்தபோது சுபாஷ் பாஸ், பிரிட்டோவுக்குத்தான் அரியர்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே பிரிட்டோ ஆரம்பித்தான். "வுட்டுடுடா. இன்னா கெடக்குது அதுல."

"நீ வுட்டியா?"

"எனக்கு இழுப்பு இல்லியே."

சுபாஷுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். "வூட்ல சொன்ன படிப்பப் படிக்கிறேன். எடுத்துக் குடுத்த சட்டையப் போடறேன். எனக்குன்னு நானாப் பண்றது இது ஒண்ணுதான். என் நெஞ்சு, என் இஷ்டம். நீயும் வாத்தியாரு மாதிரி பேசிக்கினு வராத."

சொல்வதற்கு பிரிட்டோவுக்கு ஒரு தகுதி வேண்டாமா? கொடுத்த கையே பிடுங்க வந்தால் எவன் கேட்பான்? அதனால்தான் மாலைக்கு இவ்வளவு மரியாதை. மாலை போட்டால் சுபாஷ் சிகரெட்டைத் தொட மாட்டான். போன வருஷமும் தொடவில்லை. ஆனால் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று மத்தியானமே டீக்கடை வாசலில் நின்று, விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து ஊதித் தள்ளினான். ஆக, நாற்பத்தெட்டு நாளைப் பற்றிப் பிரச்சினை இல்லை. நாற்பத்தொன்பதாம் நாள் என்ன ஆகும் என்பதுதான் பிரிட்டோவின் கவலை. இந்தத் தடவையும் அவன் ஆரம்பித்துவிட்டால், டாக்டரம்மா சொன்ன அந்த நெஞ்சு எத்தனை மழைக்காலம் தாங்கும்?

தன்னைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. நாளைக்கு மூன்றோ நாலோ, நினைத்தால் விட்டுவிடலாம். சிகரெட் பிடிக்கிற அத்தனை பேரும் சொல்கிற பேச்சுதான். பாவம், பிரிட்டோ அதை நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தான்.

விரதத்தின் நடுவில் கிறிஸ்துமஸ் வந்து தொலைத்தது. அமலோற்பவம் ஆட்டுக்கறி பிரியாணி செய்து, மகன் தட்டில் எலும்போடு அள்ளி வைத்தார். பிரிட்டோ வெங்காயப் பச்சடியை மட்டும் நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருடா அந்தப் பொண்ணு?" என்றார் அமலோற்பவம்.

"எந்தப் பொண்ணு?"

"கறி சாப்புடாத பொண்ணு."

"எம்மா, பொண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. சுபாஷ் மாலை போட்டுக்கினு இருக்கான். அவனுக்குத் துணைக்கு நானும் வாயக் கட்டிக்கினு இருக்கேன்."

அமலோற்பவம் அவனை நம்பியதாகத் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அதில் வெறும் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் இருந்தன. கிறிஸ்துமஸ் அன்று அந்த வீட்டில் சாம்பார் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், காலையிலேயே தனியாகச் சின்னப் பாத்திரத்தில் வைத்திருக்க வேண்டும்.

"உன் சட்டையத் தோய்க்கிறவ நான்தான்" என்றார், சாம்பாரை ஊற்றிக்கொண்டே. "ஒரு மாசமா அந்த நாத்தம் இல்ல. யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

மூன்று வருஷமாக அம்மாவுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தான்.

மார்கழி பாதியில் சுபாஷ் மலைக்குப் போய் வந்தான். கொளஞ்சியம்மாள் மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்கு மாட்டினார். அன்று பிரிட்டோ காலையிலிருந்தே வடக்கனந்தலில்தான் இருந்தான். சாமி மறுபடி சுபாஷாகி, சட்டை மாற்றி வெளியே வந்ததும், பிரிட்டோ கூடத்தில் தொங்கிய நாட்காட்டியின் தாள்களைப் புரட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

"டேய், தை அமாவாச வருதுடா. அதுவரைக்கும் சுத்தமா இருந்தா நல்லதுன்னு அம்மா சொன்னாங்க."

"எங்கம்மாவா?"

"பொதுவா அம்மாங்க. அப்புறம் கிருத்திக. தைப்பூசம். மாசியில சிவராத்திரி. அது முடிஞ்சா மூணாம் நாளு எங்களுக்கு விபூதிப் புதன் வந்துடும், தவக்காலம் ஆரம்பம். நான் உங்க சாமிக்கு நாப்பத்தெட்டு நாளு இருந்தேன் இல்ல? நீ எங்க சாமிக்கு நாப்பது நாளு இரேன்."

கிறிஸ்தவப் பையன் ஒருவன் கிருத்திகையையும் சிவராத்திரியையும் இப்படித் தேடித் தேடிக் கோத்தது அந்த வட்டாரத்தில் அதுவரை நடந்திருக்காது. கொளஞ்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். சுபாஷ் மட்டும் சிரிக்கவில்லை.

"பாக்கலாம்" என்றான்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பிரிட்டோவுக்குத் தூக்கம் போயிற்று. தினமும் சுபாஷ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோளில் கை போடுகிற சாக்கில் சட்டையை மோந்து பார்த்தான். டீக்கடைக்குப் போனால் அவன் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். அவனுக்குத் தெரியாமலே அவன் பையில் மிட்டாய் போட்டு வைத்தான். சுபாஷ் மிட்டாயைச் சப்பிக்கொண்டு ரெக்கார்ட் நோட் எழுதினான்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் பிரிட்டோவுக்குப் புரியாமல் இருந்தது. விரதம் இருந்தவரை சிகரெட் நினைப்பு வந்தாலும் நாளை எண்ணிக்கொண்டு ஓட்டிவிட்டான். இப்போது எண்ணுவதற்கு நாள் இல்லை. காலையில் எழுந்தால் வாய் வறண்டது, அம்மாவிடம் எரிந்து விழுந்தான், பக்கத்தில் எவனாவது ஊதிக்கொண்டு போனால் இரண்டு அடி அவன் பின்னாலேயே நடந்தான். சுபாஷைக் காவல் காக்கிற அலைச்சல்தான் இது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காணும் பொங்கலுக்கு வகுப்புப் பையன்கள் பத்துப் பேர் கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். வளைவு வளைவாக ஏறிக் கரியாலூரைத் தாண்டியபோது பனி இன்னும் விலகவில்லை. வண்டிகளை ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லோரும் அருவிக்கு இறங்கினார்கள். இறங்குகிற பாதை செங்குத்து. போன வருஷம் திரும்பி ஏறும்போது சுபாஷ் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினான்.

"நீங்க போங்கடா. எனக்குக் கால் சுளுக்கிக்கிச்சி" என்றான் பிரிட்டோ.

அவர்கள் தலை மறைந்ததும் அவன் கால் நேராகப் பெட்டிக்கடைக்கு நடந்தது. சுளுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று, இந்தக் குளிருக்கு மட்டும் என்று வாங்கினான். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்து மூன்றாவது தடவை பற்றியது. முதல் இழுப்பு உள்ளே போனபோது கண்ணை மூடிக்கொண்டான். அப்படி ஒரு சுகம். இத்தனை நாள் அலைச்சலும் சுபாஷைக் காக்க மட்டும் இல்லை, தானும் இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தோம் என்று அந்த ஒரு இழுப்பில் தெரிந்துபோயிற்று. நினைத்தால் விடுகிற ஆள் இல்லை அவன்.

"சுளுக்கு எப்படி இருக்குது?"

சுபாஷ் நின்றிருந்தான். துண்டை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனவன் பாதி வழியிலிருந்து திரும்பி ஏறி வந்திருந்தான். மூச்சு வாங்கியது, ஆனால் உட்காரவில்லை. பிரிட்டோ கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். புகை தோளுக்கு மேலே எழும்பி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தது.

"திட்டுடா" என்றான் பிரிட்டோ.

"நான் ஏன் திட்டணும்? உன் இஷ்டம்."

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பிரிட்டோவுக்கு அடக்க முடியவில்லை. "நான்தான்டா உனக்கு இதப் பழக்கிவுட்டேன். அந்த டாக்டரம்மா கேட்டப்பகூட நீ என்னக் காட்டிக் குடுக்கல. அதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. உன்ன எப்படியாவது நிறுத்தணும்னு பாத்தா, இதோ நானே நிக்கிறேன் பாரு, வெக்கங்கெட்டவன்."

சுபாஷ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வழக்கமாக ஒரு வார்த்தையில் முடிப்பவன் அன்று நின்று பேசினான்.

"மொத ஒண்ணுதான் நீ குடுத்தது. மீதி அத்தினியும் நானாப் போயி வாங்கனது. அதையும் நீ உன் தலையில தூக்கிப் போட்டுக்காத. டாக்டரம்மாகிட்ட நான் ஒண்ணும் பொய் சொல்லல. பழகுனது நானு. வுடறதும் என்னுதாவே இருக்கட்டும். அமாவாச, கிருத்திகன்னு நாளு பாத்துக் குடுக்காத."

"அப்ப வுட்டுட்டியா?"

"தெரில. நேத்து வாங்கல, இன்னிக்கு வாங்கல. அவ்ளோதான் தெரியும்."

காற்று திரும்பிப் புகை சுபாஷ் பக்கம் போயிற்று. அவன் இருமினான். நெஞ்சைத் தடவிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"பொகை பட்டா எனக்கு இழுத்துக்கும்டா. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன். நீ ஒண்ணும் அவசரப்படாத, நிதானமா முடிச்சிட்டு வா."

கோபமாகச் சொல்லவில்லை. மனசாரச் சொல்லிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போய், பாதை திரும்புகிற இடத்தில் முதுகு காட்டி நின்றுகொண்டான். பனியில் அவன் சட்டை நிறம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

பிரிட்டோ கையில் இருந்ததைப் பார்த்தான். தடுப்பதற்கு ஆள் இல்லை, விரதம் இல்லை, முழுக்க அவன் இஷ்டம். இன்னொரு இழுப்பு இழுத்தான். அது ருசிக்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பிலும் சரி, அழுகையிலும் சரி, இந்த மூன்று வருஷத்தில் சுபாஷ் அவனைவிட்டு இவ்வளவு தூரம் நின்றதில்லை. ஆஸ்பத்திரியில்கூட பிரிட்டோ கட்டிலை ஒட்டித்தான் நின்றான். அந்தப் பத்தடியை அவனால் தாங்க முடியவில்லை. சிகரெட்டைக் கல்லில் தேய்த்து அணைத்தான். கையையும் வாயையும் குழாய்த் தண்ணீரில் கழுவினான், சட்டையை உதறினான், அப்புறம்தான் கிட்டே போனான்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்றான் சுபாஷ், திரும்பாமலே.

"இல்ல. பாதி அங்கியே கெடக்குது."

"இது யாரு சாமிக்கு?"

"எந்தச் சாமிக்கும் இல்லடா" என்றான் பிரிட்டோ. "அங்க தனியா நிக்கப் புடிக்கல."