கார்த்திகையில் வந்த ஆஷாடம்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் சண்டை மூட்டியது தண்ணீர் என்றுதான் ஊரெல்லாம் நினைத்தது. தண்ணீர் ஒரு பாவமும் அறியாது. போன வாரம் மறுபரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அந்தத் தெம்பில்தான் இதைச் சொல்கிறேன்.

கல்யாணமாகி ராவுலபாலத்துக்கு வந்த புதிதில் எனக்குக் கீழே அரிப்பு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். யாரிடம் சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆஷாட மாதம் பிறந்ததும் வழக்கப்படி என்னை மண்டபேட்டைக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். புது மருமகளும் மாமியாரும் அந்த மாதம் ஒரே வாசலைத் தாண்டக் கூடாதே!

அம்மாவிடம் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஸ்வராஜ்யம் சோதித்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், உடலுறவில் தொற்றுவது, மாத்திரையில் போய்விடும் என்றார். எனக்கு ஒரு மாத்திரை உறை, என் கணவர் வீரபாபுவுக்கு ஓர் உறை கொடுத்தார். மாப்பிள்ளையும் அந்த மாதம் மாமியார் வீட்டுப் படி ஏறக் கூடாது. அதனால் அவருடைய உறையை அம்மா சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினாள்.

எனக்குச் சுத்தமாகக் குணமானது. அடுத்த மாதம், சிராவணத்தில், புகுந்த வீடு திரும்பினேன். சில வாரங்களில் மறுபடியும் அதே அரிப்பு.

அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிறந்த வீட்டில் நன்றாக இருந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் வருகிறது என்றால், குற்றம் அங்கே இருக்கும் கால்வாய்த் தண்ணீரின்மேல்தான். வாராவாரம் தன் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ்ஸில் அனுப்ப ஆரம்பித்தாள். கேனைக் கண்டாலே என் மாமியார் மங்காயம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்டி, எங்க கால்வாயில குளிக்கிற எருமைகூட நல்லாத்தான் இருக்கு. ஒங்கம்மா பெத்தது மட்டும் என்ன மெழுகு பொம்மையா?"

அம்மாவும் சளைத்தவளில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். தீபாவளிக்கு வந்தபோது, "வேணியை நான் கூட்டிட்டுப் போயிடறேன், வதினா" என்றாள் சம்பந்தியிடம்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. எம்புள்ளைக்கு வேற பொண்ணா கிடைக்காது?"

இரண்டு பேரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீரபாபுவை எனக்குப் பிடிக்கும். வாழைத்தார் லாரி ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைத் தேடுகிற மனுஷன். அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒன் புருஷன் மாத்திரை போட்டாரா?"

"அவருக்கு ஒண்ணுமே இல்லீங்களே, மேடம்."

"ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளிய ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ள இருக்கும், உனக்கும் ஒட்டும். ஆஷாடத்துல நீ நல்லா இருந்தது உங்கம்மா வீட்டுக் கெணத்தாலயா? மாத்திரை போட்ட, அவரு பக்கத்துல இல்ல. அவ்வளவுதான். ஆமா, டெட்டால் ஊத்தி உள்ள கழுவுறியா?"

தலையாட்டினேன்.

"அதை மொதல்ல நிறுத்து. புண்ணாயிடும்."

நேராக வாழைக்காய் மார்க்கெட்டுக்குப் போனேன். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும், வீரபாபு லாரியில் ஆஞ்சநேயர் படத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்து நீட்டினார். பிரிக்கவே இல்லை.

"உங்கம்மா சத்து மாத்திரைன்னு சொல்லி அனுப்பிச்சாங்களாம். தார் சுமக்கிறவனுக்குச் சத்து எதுக்குன்னு வச்சுட்டேன்."

சிரிப்பதா அழுவதா? அழுகையை அடக்கிக்கொண்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் தலை குனிந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி... பெர்ஹாம்பூர் லோடு போனப்போ. அப்புறம் சத்தியமா இல்ல, வேணி."

கையில் கிடைத்த வாழைக்காயை அவர்மேல் விட்டெறிந்தேன். கோபம் கோபம்தான். ஆனாலும் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லையே என்று மனசுக்குள் ஓடியது.

மறுநாள் அவராகவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெண்கள் வரிசையில், முகத்தைப் பேப்பரால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், வேறெந்த நோயும் இல்லை. புது மாத்திரை கிடைத்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணா முடிக்கணும். ஒரு வாரம் சேர்ந்து படுக்கக் கூடாது, கள்ளும் கூடாது. மூணு மாசத்துல வேணி மறுபடி வந்து பார்க்கணும். வெளியூர்ல மறுபடி புத்தி தடுமாறினா ஆணுறை இல்லாம போகாதப்பா. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி இங்க வந்து சோதிச்சுக்கோ."

"தடுமாறாதுங்க மேடம்" என்றார், பேப்பரை மடித்தபடி.

வீட்டுக்கு வந்ததும் தன் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார். "கார்த்திகையில நமக்கு ஒரு ஆஷாடம், போ" என்று கண்ணடித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் பார்த்தா அம்மா கேனோடு வந்து நிற்க வேண்டும்? முற்றத்துக் கட்டிலைப் பார்த்தவள் கொதித்துவிட்டாள்.

"எம்பொண்ண ஒதுக்கியே வச்சுட்டீங்களா? வேணி, பையை எடுடி!"

மங்காயம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். வீரபாபு நடுவில் போய் நின்றார். காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"அத்தை, தண்ணி மேல தப்பில்ல. வேணிக்கு வந்தது என்கிட்டேருந்து. மாத்திரை போடாம விட்டதும் நான்தான். இப்போ ரெண்டு பேரும் போடுறோம்."

சத்து மாத்திரை பற்றி அவர் மூச்சுவிடவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கேனைக் கீழே வைத்தாள். கோபமெல்லாம் வடிந்து, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அதை எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டு, சத்து மாத்திரைன்னு சொல்லி அனுப்பிச்சது நான், வதினா."

மங்காயம்மா கையிலிருந்த கரண்டியைத் தாழ்த்தினாள். அம்மா மருமகனின் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

"தாகமா இருக்கு. ஒரு செம்பு தண்ணி குடுங்க."

"ஒங்க கேன்ல இருக்கே?"

"ஒங்க தண்ணி குடுங்க, வதினா."

மாமியார் பானையிலிருந்து மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா செம்பை உயர்த்தி, அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டாள்.