வெளுத்துப்போன ரசீதுகள்

வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை சல்பியா மூன்று தடவை படித்தாள். அம்மாவின் வைத்தியச் செலவுக்காக அவள் கேட்டிருந்த வரிக்கழிவுக்கு இரண்டு வாரத்துக்குள் ரசீதுகளைக் காட்ட வேண்டுமாம். நான்கு வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது அதற்குச் சாட்சி வேறு சொல்ல வேண்டும்.

ரசீதுகளை அவள் அலட்சியமாக விட்டுவிடவில்லை. தைப்பிங்கில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாக கிளார்க். மருந்துக்கடை, பிசியோதெரபி, டயாப்பர் என்று எல்லா ரசீதையும் அன்றன்றே ஸ்கேன் செய்து, மடிக்கணினியிலிருந்த வீட்டுக்கணக்கு மென்பொருளில் ஏற்றிவிடுவாள். போன மாத மழையில் கூரை ஒழுகி மடிக்கணினி ஊறிப்போனது. பிஸ்கட் டப்பாவிலிருந்த அசல் ரசீதுகளை எடுத்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் வெளுத்துப்போய் வெறும் பளபளப்புத் தாள்களாகக் கிடந்தன.

மாதாமாதம் மென்பொருளிலிருந்து நகல் எடுத்து வைத்திருந்த பென்டிரைவை எடுத்துக்கொண்டு, கணினி பழுதுபார்க்கும் லியோங்கின் கடைக்குப் போனாள்.

லியோங் அதைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவளை 'காக்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். "கணக்கு மட்டும்தான் இருக்கு காக். படம் ஒண்ணுகூட இல்ல. படத்தையும் சேர்த்து எடுக்கவான்னு கேட்டிருக்கும், நீங்க டிக் போடல."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

சல்பியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை, கால்தான் வலித்தது.

"இருங்க, இருங்க. படமெல்லாம் இணையத்துல வேற ஒருத்தர் கணக்குக்குப் போயிருக்கு. ரொஸ்லினா யாரு?"

அவளுடைய அக்கா. ஷா ஆலமில் இருப்பவள். இந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். தன் மின்னஞ்சலையே பதிந்துவிட்டுப் போயிருக்கிறாள். அடக்கத்தன்று நாலு பேர் முன்னால், "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா அம்மா இருந்திருப்பா" என்று சொன்னவளும் அவள்தான். அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் மதியம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் நின்று மூத்த அக்காவுக்குப் போன் செய்தாள்.

"காக் லோங், ரசீதெல்லாம் உன்கிட்ட இருக்காமே."

"இருக்கு. ஒண்ணைக்கூட அழிக்கல. நீ ஏத்துறப்பல்லாம் எனக்கு வந்துடும். பார்ப்பேன்."

"எல்லாத்தையுமா?"

"பெருநாள் அன்னிக்குக்கூட மருந்துக்கடை ரசீது வந்துச்சுடி. நான் இங்க வந்தவங்களுக்கு ரெண்டாங் கறி பரிமாறிக்கிட்டு இருந்தேன்."

"அவ்ளோ தெரிஞ்சும் அன்னிக்கு அப்படிப் பேசுனியே?"

"நான் ஒண்ணுமே செய்யலியேடி. அந்த எரிச்சல்ல வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

கோபப்படவும் தெம்பில்லை, சமாதானம் சொல்லவும் தெம்பில்லை. "பதினஞ்சாம் தேதி கெடு. அனுப்பிடு" என்றாள் சல்பியா.

அன்று மாலையே எல்லாம் வந்தன, வருடவாரியாக, மாதவாரியாக. அச்செடுத்துக்கொண்டு போனாள். வரி அலுவலகத்துப் பெண் தாள்களைப் புரட்டி, முத்திரை குத்தி, "சரியா இருக்கு காக், நீங்க போகலாம்" என்றாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள். "சனிக்கிழமை வரட்டுமா?"

"வா. ஆனா சமைக்கல்லாம் என்னால முடியாது."

"யாரு உன்னச் சமைக்கச் சொன்னா? நான் கொண்டுவர்றேன், நீ படுத்திரு."

பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. சல்பியா கண்ணை மூடினாள். விழித்தபோது அவளுடைய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது.