முப்பத்தொரு மீட்டர்

சுரங்கப்பாதையின் கோடியில் பாறைச் சுவரைச் சம்மட்டியால் அடிப்பது அவனுடைய தங்கை மாப்பிள்ளையின் வேலை. அந்த அதிர்வு பாறைக்குள் போய் எதில் பட்டுத் திரும்புகிறது என்று கணினித் திரையில் பார்ப்பது அவன் வேலை. நேற்று, நாற்பது மீட்டருக்கு அப்பால் தண்ணீர் நிரம்பிய பெரிய பொந்து ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று மீட்டர்தான் குடைந்திருந்தார்கள்.

இன்று திரை முப்பத்தொன்று என்று காட்டியது.

"மாப்ள, இன்னொரு தடவை அடிங்க."

மாப்பிள்ளை அடித்தான். முப்பது.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? உங்க தங்கச்சி சமையலுக்கே அசராத ஆளாச்சே."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாம மூணு மீட்டர்தான் தோண்டினோம். மிச்சத்த அந்தப் பக்கத்துலேருந்து யாரு தோண்டுறா?"

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. "கருவி தப்பா காட்டுது மச்சான். கடைசியா ஒண்ணு போட்டுப் பாத்துடலாம்" என்று சம்மட்டியை ஓங்கினான். இவன் பாய்ந்து அதன் காம்பைப் பிடித்துக்கொண்டான். இருவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

சம்மட்டி இன்னும் அவர்கள் கையில்தான் இருந்தது. திரையில் கோடு துள்ளியது.