சீனக்குடாவில் இறங்கிய மாப்பிள்ளை

மாப்பிள்ளை பிளேன் ஓட்டுகிறவர் என்று தரகர் முனீப் சொன்னதைப் பக்கீர் ஒரு சதத்துக்கும் நம்பவில்லை. இதே முனீப் போன நோன்புக்கு முன் ஒருவரை டாக்டர் என்று கூட்டிவந்தான். விசாரித்துப் பார்த்தால் அவர் மாட்டு ஆஸ்பத்திரியில் ஊசிப் பெட்டி தூக்குகிற ஆள்.

"பைலட் எண்டா ஆகாயத்துல எல்லோ இருக்கணும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லுல என்ன செய்யிறார்?"

"லீவுல நிக்கிறார் காக்கா."

"என்ன, இறங்க இடமில்லாமலோ?"

பக்கீரின் சந்தேகம் சும்மா வந்ததல்ல. கிண்ணியாவில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு முன்வாசலால் ஏறுவார், பெற்றவன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வாசலால் கொட்டிலுக்கு இறங்குவான். முதல் வீடு மூத்த மகளோடு போயிற்று. இப்போது குடியிருக்கும் வீடு இளையவள் சனூஸாவுக்கு. ஐஸ் லொறி ஓட்டிய காலத்தில் கல் கல்லாகச் சேர்த்துக் கட்டியது. மனைவியும் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள், இன்னொரு வீடு கட்ட உடம்பிலும் தெம்பில்லை. வீட்டை வாங்கப்போகிறவனின் முகத்தையாவது பார்த்துவிடுவோம் என்று சாரத்துக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஓர்ஸ் ஹில்லில் மாப்பிள்ளை ஸஜ்ஜாத் வாசலுக்கே வந்து கைகொடுத்தான். வெள்ளைச் சட்டை, தோளில் தங்க நிறப் பட்டி. கிட்டப் போய்ப் பார்த்தால் பட்டி கையால் தைத்தது, ஒரு பக்கம் நூல் தொங்கியது.

"எந்தக் கொம்பனிப் பிளேன் மகன்?"

"கொம்பனி ஒண்டும் இல்ல மாமா. நான் துறைமுகக் கந்தோர்ல கொம்பியூட்டர்ல வேலை. பிளேன் உள்ளுக்க இருக்கு, வாங்க."

உள்ளே ஓர் அறை. மேசையில் மூன்று கொம்பியூட்டர்த் திரை, ஒரு கைபிடி, காலுக்கு இரண்டு பெடல், பழைய வான் வண்டியில் கழற்றிய இரட்டைச் சீட்டு. அவ்வளவுதான் பிளேன்.

"முனீபுட்ட பைலட் எண்டா சொன்னீங்க?"

"இல்ல மாமா. பிளேன் ஓட்டுறதோ எண்டு கேட்டார். ஓம் எண்டேன். ஒவ்வொரு நாளும் ஓட்டுறனான்தானே."

பொய்யன் இல்லை என்பது பக்கீருக்குப் பெரிய ஏமாற்றமாகப் போயிற்று. பொய்யன் என்றால் அப்போதே எழும்பிப் போயிருக்கலாம்.

ஸஜ்ஜாத் அவரைப் பக்கத்தில் இருத்தி, வான் பெல்ட்டைக் கட்டிவிட்டான். பெரிய விமான நிலையங்கள் அவனுக்குப் பிடிக்காதாம். கடலோரத்தில் ஆளில்லாமல் கிடக்கும் சின்ன ஓடுபாதைகள்தான் ஆசை. பலாலி, மட்டக்களப்பு, கொக்கலை எல்லாம் இறங்கி முடித்தாயிற்று. இன்றைக்குக் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இருந்து, கிண்ணியாவுக்குக் கிட்ட உள்ள சீனக்குடா.

"நீங்க பிளேன்ல போயிருக்கீங்களா மாமா?"

"ஒருக்கா. சண்டைக் காலம், ரோட்டுப் பூட்டு. மாமிக்கு, அதான் சனூஸாட உம்மாக்கு, வருத்தம் கூடி, பெரியாஸ்பத்திரிக்கெண்டு சீனக்குடாவுல இருந்து கொழும்புக்குக் கொண்டு போனனான்."

"மேல இருந்து பார்க்க ஊர் எப்படி இருந்திச்சு?"

"ஊரா? பக்கவாட்டு வாங்குல இருத்தினாங்க. முன்னால ஒரு ஆமிக்காரன்ட சப்பாத்துக் கால். இரத்மலானை வரைக்கும் அந்தச் சப்பாத்தைத்தான் பார்த்தனான். மாமி என்ட மடியில சத்தி எடுத்தா."

ஸஜ்ஜாத் தலையை ஆட்டிக்கொண்டு கைபிடியை இழுத்தான். காடு வந்தது, குளம் வந்தது. இடையில் தாய்க்காரி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். "இறங்கப் போறம் உம்மா, பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்பினான். ரோல்ஸ் போன திசையைப் பக்கீர் கவலையோடு பார்த்தார்.

திரையில் தம்பலகாமக் குடா நீலமாக விரிந்தது. பக்கீர் தன்னை அறியாமல் முன்னுக்குச் சாய்ந்தார்.

"கிண்ணியா எங்க?"

"இந்தப் பக்கம்."

"இது காடு."

"ஓம் மாமா. கிண்ணியாவை இன்னும் இதுல போடல்ல."

"பள்ளிவாசலும் இல்லையா?"

"இல்ல."

"அப்ப நீங்க சீதனமாக் கேக்கிற வீட்டைக் காட்டுங்க, பார்ப்பம்."

ஸஜ்ஜாத்தின் காது சிவந்தது. ஓடுபாதையைத் தாண்டி, விமானம் குடாவுக்குள் பாதி நனைந்துதான் நின்றது. "காத்து மாமா" என்றான். ஜன்னல் திரைச்சீலை அசையவில்லை.

அதற்குள் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஹோலில் பாய் விரித்து ஸஜ்ஜாத் முன்னுக்கு நின்று தொழுவித்தான். நின்றது, குனிந்தது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டாவது ரக்அத்தில் அத்தஹிய்யாத்து ஓத அமர்ந்தவன், எழும்பாமல் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டான். பின்னால் அமர்ந்திருந்த பக்கீருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து மிச்ச இரண்டு ரக்அத்தையும் தனியாகத் தொழுது முடித்தார்.

"மகன், அஸருக்கு நாலு ரக்அத்து."

"பிரயாணிக்கு ரெண்டுதானே மாமா. இரத்மலானையில இருந்து எல்லோ வந்தம்."

பக்கீர் அவனை உற்றுப் பார்த்தார். பகிடி விடுகிறானா என்று முகத்தில் தேடினார். இல்லை, பயல் மனதார நம்பித்தான் சொல்கிறான். அவனுடைய தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போனார்.

"நான் ஓர்ஸ் ஹில்லுக்கு பஸ்ல வந்தனான்" என்று சொல்லிவிட்டுப் பக்கீர் செருப்பைத் தேடினார்.

வீட்டில் சனூஸாவிடம் ஒன்றும் விடாமல் கொட்டித் தீர்த்தார். தோள்பட்டியின் நூல், காடாய்ப் போன கிண்ணியா, இரண்டு ரக்அத்து எல்லாம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. வீடு தப்பியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"கட்டார், சவூதி எண்டு போற கதை ஏதும் கதைச்சாரா வாப்பா?"

"அவன் எங்க போறது? உலகம் முழுக்கச் சுத்திப்போட்டு அந்த வான் சீட்டுலயே இருக்கான்."

சனூஸாவுக்கு அக்காவின் நினைப்பு வந்தது. மூத்தவளின் புருஷன் கட்டாருக்குப் போகும்போது பிள்ளை வயிற்றில் இருந்தது. இப்போது அந்தப் பிள்ளை போனைக் காட்டித்தான் வாப்பா என்கிறது.

"அப்ப ராவைக்குச் சோத்துக்கு வீட்ட இருப்பார்."

"அவனுக்கு விசர் பிள்ள, புத்தி பிசகு."

"இருக்கட்டும். விசர் எண்டாலும் வீட்டுல இருக்கும்தானே. முனீப் காக்காட்ட ஓம் எண்டு சொல்லுங்க."

மூத்தவளுக்கு அந்தக் கட்டார்க்காரனைத் தேடிப் பிடித்ததே பக்கீர்தான். அதைச் சனூஸா சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

காலையில் எலெக்ரீசியன் ரிஷாத்தைக் கூட்டிவந்து ஹோல் மூலையைக் காட்டினார்.

"இதுல ரெண்டு பிளக் போடு."

"என்னத்துக்குக் காக்கா, ஏசிக்கா?"

"பிளேன் நிப்பாட்ட."

ரிஷாத் சிரித்தான். பக்கீர் சிரிக்கவில்லை. வயர் மிஞ்சினால் பின்னால் இருக்கும் கொட்டிலுக்கும் ஒரு பல்ப் போட்டுவிடச் சொன்னார்.