ஒன்பதும் பதினான்கும்

என் வேலை எண்ணுவது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்து அணியின் புள்ளிவிவரக்காரன் நான். யார் எத்தனை முறை ரிங்குக்கு எறிந்தாள், எத்தனை உள்ளே போனது, ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, யார் பிடித்தாள், யார் கோட்டைவிட்டாள், எல்லாம் ஒரு தாளில் ஏறும். ஆளுக்கு ஒரு வரிசை. வரிசையின் தலையில் ஜெர்சி எண்.

இது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். எழுதக் குனிந்தால் ஆட்டம் கண்ணைவிட்டுப் போய்விடும். மூன்று வருடம் என் மனைவி பார்த்துச் சொன்னாள், நான் எழுதினேன். அவள் ஜெர்சி எண்ணைப் பார்த்ததே இல்லை. ஓடுகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவாள். "பம்பரம், ரீபவுண்ட். வாலு, கோட்டைவிட்டா." வாலு அவளுடைய தங்கை. தங்கை என்பதற்காக ஒரு புள்ளி கூட்டிச் சொன்னதில்லை. குறைத்துச் சொன்னதாக வாலு வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோயிருக்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்றாள். வியாழக்கிழமை இல்லை.

அதன் பிறகு இரண்டு வேலையையும் நானே செய்கிறேன். வேறு ஆள் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு நடையெல்லாம் தெரியாது. எண்தான் தெரியும். அது வசதியாகவும் இருந்தது. வாலு அவள் அக்காவைப் போலவே பாதத்தைச் சற்று உள்பக்கம் வைத்து ஓடுவாள். அதனால் நான் வாலுவைப் பார்ப்பதில்லை. ஒன்பதைப் பார்ப்பேன்.

சர்வதேசப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. முகாமில் பதினான்கு பேர். போகப்போவது பன்னிரண்டு பேர். நான்கு பயிற்சி ஆட்டங்கள் வைத்திருந்தார்கள். மூன்றாவது முடிந்த மறுநாள் காலை பட்டியலைப் போட்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பதினோரு பேர் ஏற்கெனவே முடிவானவர்கள். ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது, அவள் போக மாட்டாள். மிச்சம் ஒரே ஓர் இடம். அதற்கு வாலுவும் பம்பரமும். இருவரும் ஒரே உயரம், ஒரே இடத்தில் ஆடுபவர்கள். பம்பரம் பந்தோடு சுழன்று திரும்புவாள், அதனால் அந்தப் பெயர். அவளுக்கு இரண்டு மாதத்தில் வயது தாண்டிவிடும். வாலுவுக்கு அடுத்த வருடமும் உண்டு. பம்பரத்துக்கு இதைவிட்டால் கிடையாது.

உறவு எல்லோருக்கும் தெரியும். முகாமின் முதல் நாளே கோச் வாலுவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஹாலுக்குள்ள மாமா கிடையாது. சார்தான்."

"சரி கோச். சார்மாமான்னு கூப்பிடுறேன்."

மைதானத்தைப் பத்து முறை சுற்ற வைத்தார்.

கோச்சுக்கு ஐம்பத்திரண்டு வயது. தேசிய அணியில் ஆடியவர். முதல் ஆட்டம் முடிந்து தாளை நீட்டியபோது என்னிடம் சொன்னார்: "எனக்குப் பிடிச்ச பிள்ளைங்க, பிடிக்காத பிள்ளைங்கன்னு இருக்காங்க. உங்க தாளுக்கு அப்படி யாரும் கிடையாது. அதனாலதான் நான் அதை நம்புறேன்."

மூன்றாவது ஆட்டம் வெளிநாட்டு அணியோடு. போட்டியிலும் அவர்கள் எங்கள் பிரிவில்தான் வருகிறார்கள். அவர்களுடைய ஆள் ஒருவர் மேல் படியில் கேமராவை நிறுத்தி எங்கள் பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கோச் முதல் பாதி முழுவதும் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குள் போய், மூன்று ஜோடிகளை ஜெர்சி மாற்றிக்கொள்ளச் சொன்னார். "ஒன்பதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதிட்டுப் போகட்டும். போட்டியில வந்து தேடட்டும்." பயிற்சி ஆட்டம்தானே என்று நடுவர்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். ஒன்பது வாலுவின் எண். பதினான்கு பம்பரத்தின் எண். அவர்கள் ஒரு ஜோடி.

இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அன்று இடைவேளையில் நான் மேசையில் முதல் பாதியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து என் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். தலையாட்டினேன். எட்டு மாதமாக யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறேன். சாப்பிட்டாயா என்றாலும், துணி துவைக்கப் போட்டாயா என்றாலும்.

இரண்டாம் பாதியில் ஒன்பது பிரமாதமாக ஆடியது. ஒன்பது ரீபவுண்ட். ஆறு எறிந்து ஐந்து உள்ளே. பதினான்குக்கு ஒரு ரீபவுண்ட். நான்கு எறிந்து ஒன்றும் இல்லை. எழுதினேன். நிமிர்ந்தேன். எழுதினேன்.

மாலையில் கோச் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டாம் பாதி சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கு கோச்."

"எனக்கு என்னவோ பம்பரம் நல்லா ஆடின மாதிரி இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணு சொல்றதைக் கேட்டா, அப்புறம் தாள் எதுக்கு?"

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறையில் பட்டியலைப் படித்தார். பன்னிரண்டாவது பெயர் வாலுவுடையது. யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வாலு நிமிரவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

பம்பரம் தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"சார், நேத்து தாளை இன்னொரு தடவை பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"சரி சார்."

ஒன்பது மணிக்குப் பட்டியல் போனது. பத்து மணிக்கு அவளையும் கணுக்கால் வீங்கிய பெண்ணையும் பஸ் நிலையத்தில் விட வேன் கிளம்பியது. பம்பரம் வாசலில் நின்ற ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்தாள். வாலு அங்கே இல்லை. கழிவறையில் இருந்ததாகச் சொன்னார்கள்.

பத்தரைக்கு என் மாமியார் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, பாப்பா பேரு வந்துடுச்சாமே!"

"ஆமா அத்தை."

"உங்க மாமா இன்னிக்குத்தான் ஷேவ் பண்ணியிருக்காரு. எட்டு மாசத்துக்கு அப்புறம். பேப்பர்ல போட்டோ போடுவாங்களான்னு என்னைப் போட்டுப் பிடுங்குறாரு. போடுவாங்களா?"

"போடுவாங்க அத்தை."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

தலையாட்டினேன். போனில்.

பதினோரு மணிக்கு எதிரணியின் ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தருவதற்காக எங்கள் கேமரா எடுத்த படத்தைத் திறந்தேன். இரண்டாம் பாதி, மூன்றாவது நிமிடம். ஒன்பது எம்பிப் பந்தைப் பிடிக்கிறது. தரையில் கால் பட்டதும் ஒரு சுழற்சி. இடது கையால் எறிகிறது.

வாலுவுக்கு வலது கை.

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் இடது கை. நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கினேன். பம்பரம். பக்கத்தில் பதினான்கு பாதத்தை உள்பக்கம் வைத்து ஓடுகிறது.

மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் டிக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஜெர்சி மாத்தினாங்களா?"

"இடைவேளையில வந்து சொன்னேனே. ஒன்பதும் பதினாலும், நாலும் பதினொண்ணும், ஆறும் எட்டும்னு. நீங்ககூட நல்லா தலையாட்டினீங்களே."

"நாலு, பதினொண்ணு..."

"ஏன், என்னாச்சு?" என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே."

மற்ற நான்கு பேரும் எப்படியும் போகிறவர்கள். அவர்கள் வரிசை மாறியதால் எதுவும் மாறவில்லை.

கோச் படத்தைப் பார்த்தார். ஒரு முறைதான். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"என் கண்ணு சரியாத்தான் சொல்லுச்சு," என்றார். "மேனேஜர்கிட்ட சொல்லி அனுப்பினேன், நீங்க மாத்தி எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"பட்டியலை மாத்த முடியுமா கோச்?"

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டி அலுவலகத்தில் எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். பட்டியல் பதிவாகிவிட்டது என்றாள். காயம் பட்டால் மட்டும் ஒரு பெயரை மாற்றலாம். ஸ்கேனும் மருத்துவச் சான்றிதழும் வேண்டும். எண்ணியதில் தவறு என்று நான் மறுபடியும் சொன்னேன். "அது உங்க பக்கத்துத் தவறு சார், அதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லை," என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

கதவருகே வாலு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"எனக்கு முட்டி வலிக்குது," என்றாள்.

"வாயை மூடு," என்றார் கோச்.

"நிஜமாவே வலிக்குது கோச்."

"ஸ்கேன்ல தெரியுமாடி உன் வலி? பொய் சர்டிபிகேட்டுன்னு தெரிஞ்சா உனக்கு ஆயுசுக்கும் தடை போட்டுருவாங்க. அணியையே திருப்பி அனுப்பிருவாங்க. போ, போய் ஷூவை மாட்டு. பயிற்சி இருக்கு."

கோச் வெளியே போனார். வாலு போகவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"பேரு படிச்சப்போ தெரியும். நான் நாலு எறிஞ்சேன். ஒண்ணும் விழல. கோச் வேற ஏதாவது பார்த்து எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன். இல்ல, நினைச்சுக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "மாமா, பாதி ஆட்டம் முழுக்க உங்க மேசை முன்னாடிதான் ஓடிக்கிட்டிருந்தேன்."

"ம்."

"ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கலையா?"

"எண்ணைப் பார்த்தேன்."

"எட்டு மாசமா வீட்டுக்கு வந்தாலும் சுவத்தைப் பார்த்துத்தான் பேசுறீங்க. அம்மா கண்ணுல கோளாறான்னு கேக்குறாங்க." அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. "அக்கா இருந்திருந்தா உங்க தலையில குட்டியிருப்பா."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் ஷூவை மாட்டிக்கொள்ளப் போனாள்.

பம்பரத்தின் போன் எண் பதிவேட்டில் இருந்தது. கூப்பிட்டேன். பஸ் இரைச்சல் கேட்டது.

"சார்?"

என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"சார், ரெண்டாம் பாதியில எனக்கு எத்தனை ரீபவுண்ட் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு."

"ஒன்பது சார்."

"ஒன்பதுதான். இப்பத்தான் படத்துல பார்த்தேன்."

பஸ்ஸில் யாரோ ஜன்னலை மூடச் சொன்னார்கள்.

"நான் எண்ணிக்கிட்டேதான் ஆடினேன். தட்டைக் கழுவுறப்போகூட எண்ணிப் பார்த்தேன். அப்புறம் நான்தான் தப்பா எண்ணிட்டேன் போலன்னு நினைச்சேன். நீங்க பார்த்துட்டேன்னு சொன்னீங்களே சார்."

"கூட்டலை மட்டும் பார்த்தேன்."

"யாரோட வரிசையில போச்சு?"

சொல்லத்தான் வேண்டும். "வாலு."

"நான் இடது கை சார்," என்றாள். "அவ வலது கை."

"தெரியும்."

"மூணு வருஷமா தெரியுமே உங்களுக்கு."

"மாத்தப் பார்த்தோம். முடியாதுன்னுட்டாங்க."

"ம். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வராரு. அவருகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றாள். என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒரு பதில் வேண்டியிருந்தது.

"என் நம்பரைக் கொடு. நான் பேசுறேன்."

"வேண்டாம் சார். நீங்க பேசினா அவரு கிளம்பி அங்க வந்துருவாரு. வந்து என்ன பண்ண?"

வைத்துவிட்டாள்.

கோச் நடந்ததைக் கூடைப்பந்துச் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்தார். நானும் கொடுத்தேன். விசாரணை போட்டி முடிந்த பிறகு என்று பதில் வந்தது. என்னை மாற்றச் சொன்னேன். இந்த நேரத்தில் ஆள் இல்லை என்றார்கள்.

நான்காவது பயிற்சி ஆட்டம் போட்டி நடக்கும் ஊரில், போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை நடந்தது. ஹால் புதிது, பெயிண்ட் வாசனை போகவில்லை. பையைக் காலுக்குக் கீழே வைத்தேன். மேனேஜர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "நீங்க பாருங்க, நான் எழுதுறேன்," என்றார். அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். சரி என்றேன்.

முதல் முறையாக முகத்தைப் பார்த்து எண்ணினேன். வாலு பாதத்தை உள்பக்கம் வைத்து ஓடி வந்தாள். என் மேசையைத் தாண்டும்போது திரும்பவில்லை.

இரண்டாவது நிமிடம் ரிங்குக்கு நேராக, மறிக்க ஆளில்லாமல் நின்றாள். பந்து வந்தது. பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"போடுடி!" கோச் எழுந்துவிட்டார். "ஏண்டி, ரிங் என்ன உனக்கு மாமனாரா? அவ்வளவு மரியாதையா ஒதுங்கி நிக்குற!"

பெஞ்சில் சிரித்தார்கள். வாலுவுக்குப் பந்து வந்தது. ஒரு நொடி கையில் வைத்திருந்தாள். கொடுத்துவிட்டாள். கோச் அவளை வெளியே இழுத்து, தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். தலையாட்டினாள். மறுபடி இறக்கினார். மறுபடி கொடுத்தாள். இருபத்திரண்டு நிமிடம் ஆடினாள். ஒரு முறைகூட எறியவில்லை. ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்துகள் அவள் தலைக்கு மேல் போயின. கையை உயர்த்தவில்லை.

பதினோரு புள்ளியில் தோற்றோம்.

"ஒன்பதுக்கு எல்லாமே பூஜ்யமா?" என்றார் மேனேஜர். "ஏதாவது விட்டுட்டோமா பாருங்க."

"விடல."

"ரீபவுண்ட்கூட இல்லையா?"

"இல்ல. எழுதுங்க."

எழுதினார். கோச் வந்து தாளை வாங்கினார், ஒன்பதின் வரிசையில் விரலை வைத்துக் கடைசி வரை ஓட்டினார். என்னைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

போனில் மாமியாரின் செய்தி வந்திருந்தது. பாப்பா எத்தனை போட்டா, மாமா கேட்கிறார்.